நாற்பத்தொன்றாம் நம்பர் ரப்பர்

தெய்வசிகாமணி ரிட்டையர் ஆக இருபத்து மூன்று நாள் இருந்தது. காருக்குக் கண்ணாடி ரப்பர் கிடைக்கவில்லை. யார் வந்து நலம் விசாரித்தாலும் அவர் மனைவி திலகவதி இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வாள். பதினோரு வருஷமாக அந்தக் குவார்ட்டர்ஸில் காரை விட்டால் வேறு பேச்சே இருந்ததில்லை, பாவம் அவள் என்ன செய்வாள்?

சாதாரணக் கார் என்றால் பரவாயில்லை. அது அறுபதுகளில் வந்த ஹெரால்டு, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு வெயில் காய்ந்துகொண்டே ஓட்டுகிற ஜாதி. புதுச்சேரியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியை லாரியில் ஏற்றிவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, எஞ்சின் பிரித்து, தகரம் தட்டி, சிவப்புச் சாயம் அடித்து முடித்திருந்தார். ரப்பர் மட்டும்தான் பாக்கி. முன்கண்ணாடியைச் சுற்றி வருவது, கதவு ஓரத்துக்கு, கூரை வந்து உட்காருகிற விளிம்புக்கு என்று எல்லாமே பழைய முறுக்கு மாதிரி கையில் நொறுங்கின. ரப்பர் இல்லாமல் கண்ணாடி நிற்காது. கண்ணாடி இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வராது.

வராவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வராவிட்டால் மானம் போகும். ரிட்டையர் ஆகிறவரை மாலை போட்டு, மேளம் வைத்து, ஏதாவது ஒரு ஜீப்பில் ஏற்றி வீடுவரை கொண்டுவந்து விடுவது அந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் வழக்கம். தெய்வசிகாமணியோ, தன்னை யாரும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், மாலையும் கழுத்துமாகத் தன் திறந்த காரைத் தானே ஓட்டிக்கொண்டு மைன்ஸ் கேட்டைத் தாண்டப் போவதாக ஒரு வருஷமாகக் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார். நிலக்கரி சுமக்கிற பெல்ட் ஓடும் கன்வேயர் பகுதியில் முப்பத்தாறு வருஷம், அதில் பதினைந்து வருஷம் ஃபோர்மன். அவர் சொன்னதை மறக்கிற ஆட்கள் இல்லை அங்கே. பலருக்கு அவரைப் பிடிக்காது, ஆகவே நன்றாகவே நினைவு வைத்திருந்தார்கள்.

பண்ருட்டியில் ஸ்பேர்ஸ் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தார். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த ரப்பர் வேறு மாடலுடையது, நாலு விரற்கடை குறைந்தது. கடைசியில் எல்லாக் கடைக்காரனும் ஒரே பதிலைத்தான் சொன்னான். அச்சு வெட்டி, ரப்பர் வேகவைத்து, கேட்ட வடிவத்தில் கொடுக்கிறவன் இந்தப் பக்கத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான், குள்ளஞ்சாவடி ஜங்ஷனில், பெயர் தமிழ்மாறன். அந்தப் பெயரைக் கேட்டதும் தெய்வசிகாமணிக்கு வாயெல்லாம் கசந்தது.

ஏன் கசக்காது? தெய்வசிகாமணியின் அப்பாவிடமிருந்து சுரங்கத்துக்காகக் கம்பெனி ஐந்து ஏக்கர் எடுத்தது, மகனுக்குப் பர்மனென்ட் வேலை கொடுத்தது. அதே ஐந்து ஏக்கரில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம் தமிழ்மாறனுடையது. அவர்கள் பெயரில் ஒரு சென்ட் இல்லை, அதனால் எடுக்கவும் இல்லை, வேலை கொடுக்கவும் இல்லை. அவன் காண்ட்ராக்டில் வந்தான். பெல்ட் அறுந்தால் இரண்டு முனையையும் சேர்த்து, ரப்பர் வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டுகிற வேலை. ஒட்டுகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஜாயிண்ட் போடும்போது பித்தளை நம்பரை ரப்பருக்குள் அழுத்திவிடுவார்கள், நாளைக்குப் பிய்ந்தால் யார் போட்டது என்று தெரிய வேண்டுமே. தமிழ்மாறன் நம்பர் நாற்பத்தொன்று. ஆறு வருஷத்தில் நாற்பத்தொன்று ஒன்றுகூடப் பிய்ந்ததில்லை.

பிய்ந்தது தெய்வசிகாமணி நின்று வேறொருத்தனைப் போடவைத்த ஜாயிண்ட். சூடு போதாது என்று தமிழ்மாறன் முன்னாலேயே சொன்னான், பத்துப் பேர் காதுபடச் சொன்னான். மறுநாள் ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டில் அவன் டிபன் பையில் கையகல ரப்பர் துண்டு இருந்தது. ஜாயிண்டுக்கு முன்னால் பதம் பார்க்க வேகவைக்கிற சோதனைத் துண்டு, நம்பரும் தேதியுமாகக் குப்பைக்குப் போவது. காலனி அடிபம்பில் மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை, வாஷர் வெட்ட எடுத்தேன் என்றான். செக்யூரிட்டி ஃபோர்மனைக் கூப்பிட்டு, இது ஸ்கிராப்தானா என்று கேட்டது. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். தெய்வசிகாமணி துண்டைப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியாது. கம்பெனி பொருளா இருக்கும்" என்றார்.

அன்றோடு தமிழ்மாறனின் கேட் பாஸ் போனது. ஊரில் ரப்பர் திருடன் என்ற பெயர் மட்டும் வந்தது. இது நடந்து ஒன்பது வருஷம்.

இப்போது அவனிடமே போவதா? முதலில் மச்சினன் மகன் அருண்ராஜை அனுப்பிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்தான். வண்டிக்காரரே வர வேண்டுமாம், கழற்றிய பழைய ரப்பர் ஒன்று விடாமல் கொண்டுவர வேண்டுமாம். திலகவதி சொன்னாள், பேசாமல் ஜீப்பிலேயே வாங்களேன் என்று. அவளை நாலு நாள் வாய் திறக்கவிடாமல் செய்துவிட்டு, ஐந்தாம் நாள் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பெரிய பட்டறையாகத்தான் இருந்தது. முந்திரி உடைக்கிற மெஷினுக்கு ரப்பர் உருளை, மோட்டார் பம்புக்கு வளையம் என்று அடுக்கியிருந்தது. மூன்று பேர் வேலை செய்தார்கள். நாற்காலி இரண்டு காலியாகக் கிடந்தது, உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"எப்படிடா இருக்கற?" என்று ஆரம்பித்தார் தெய்வசிகாமணி.

"டா போடறதா இருந்தா பையத் தூக்கிகினு கெளம்புங்க" என்றான் தமிழ்மாறன், கையில் இருந்த வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெய்வசிகாமணிக்குக் காது மடல் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் ஒரு எட்டு வைத்தது, கேன்டீன் ஞாபகம் வந்து நின்றது. "சரிப்பா. ரப்பர் வேணும்" என்றார்.

தமிழ்மாறன் பையை மேஜைமேல் கவிழ்த்து ஒவ்வொரு துண்டாக எடுத்து அளந்து எழுதினான். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், கூரை விளிம்பு. கடைசியில் தடித்த இரண்டு சதுரத் துண்டுகள். பானெட் மூடும்போது தகரத்தோடு தகரம் மோதாமல் கீழே வைக்கிற மெத்தைகள். அவற்றைத் திருப்பிப் பார்த்தவன் அளக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டிய ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தள்ளினான். ஒன்றில் நாலு, இன்னொன்றில் ஒன்று. சேர்ந்து நின்றது நாற்பத்தொன்று.

செக்யூரிட்டி அன்றைக்கு அந்தத் துண்டை ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்லித் தெய்வசிகாமணியிடம்தான் கொடுத்தது. அது அவர் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. எப்போதோ ஒரு நாள் டிபன் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டாக வெட்டி பானெட்டுக்கு வைத்தார். அவர் கூடையை எந்தக் கேட்டில் எவன் திறந்து பார்த்தான்? நம்பர் பக்கம் அடியில் போனது, விஷயமும் மறந்தே போனது. மறந்தாரே ஒழிய, மனசாட்சி உறுத்தி மறைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"இது எங்க கெடைச்சுது சார்?"

"எங்கியோ கெடந்துச்சு."

"நான் சொல்லட்டா? என் டிபன் பையில கெடந்துச்சு."

தெய்வசிகாமணி சுவரைப் பார்த்தார். இவன் இப்போது கத்துவான், ஜங்ஷனே கூடும் என்று எதிர்பார்த்தார். அவன் கத்தவில்லை. எல்லா ரப்பரும் பத்து நாளில் தருவதாகச் சொன்னான். இந்த இரண்டு மெத்தையை மட்டும் புதிதாகச் செய்யப் போவதில்லை, தான் வேகவைத்தது இன்னும் பத்து வருஷம் தாங்கும், அதையே திரும்ப வைத்துக்கொள்ளட்டும் என்றான். அப்புறம் ஒன்று. செய்கிற துண்டில் எல்லாம் தன் நம்பர் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும், சம்மதமா என்று கேட்டான். தெய்வசிகாமணி அவசரமாகத் தலையாட்டினார். ஒரு நம்பர்தானே, எவன் பார்க்கப் போகிறான்?

"ரிட்டையர் அன்னிக்கு இதுலதான் வரீங்கன்னு கேள்விப்பட்டேன். வண்டி மைன்ஸ் உள்ள போய் வெளிய வருமா, இல்ல கேட்டு வாசல்ல இருந்தேவா?"

"உள்ள இருந்துதான். எங்க பெல்ட் பட்டறை வாசல்ல மாலை போடறாங்க."

தமிழ்மாறன் அதையும் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ரப்பர் சொன்ன நாளில் வந்தது. குறை சொல்ல ஒரு மயிரிழை இடம் இல்லை. கண்ணாடி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய் உட்கார்ந்தது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பில், நட்ட நடுவில், கட்டைவிரல் உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு 41 நின்றது. பிளேடு வைத்துச் சீவிப் பார்த்தார் தெய்வசிகாமணி. விளிம்பும் சேர்ந்து கிழிய ஆரம்பித்தது, விட்டுவிட்டார்.

கடைசி நாளும் வந்தது. காலையில் வண்டிக்குப் பாஸ் வாங்கி உள்ளே கொண்டுபோனார். சாயங்காலம் பெல்ட் பட்டறை வாசலில் ரோஜா மாலை போட்டு, சால்வை போர்த்தி, நாலு பேர் புகழ்ந்து பேசினார்கள், வேறு வழியில்லாமல். கூரையை மடக்கிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மேளம் முன்னால் போக, நூறு பேர் பின்னால் வர, சிவப்புக் கார் கேட்டுக்கு வந்தது.

கேட்டில் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி, கோபாலகிருஷ்ணன் என்று பெயர். வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தார். பிறகு அவர் கண் கண்ணாடிக்குமேல் நின்றது.

"சார், இது நம்ம பெல்ட்ல வர்ற ஜாயிண்ட் நம்பர் மாதிரி இருக்கே? ரப்பருக்கு பில் இருக்கா?"

பில் வாங்கவில்லை. பையைத் திறந்து காட்டுவது காண்ட்ராக்ட் ஆட்களின் தலைவிதி என்று முப்பத்தாறு வருஷம் நம்பியவர் பில் எதற்கு வாங்குவார்? வெளியே செய்தது என்றார். அதிகாரி மரியாதையாகத்தான் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மெத்தை இரண்டும் நன்றாகத் தெரிந்தன. இந்த முறை அவசரத்தில் திரும்ப வைத்ததில் நம்பர் பக்கம் மேலே இருந்தது. ஒன்றின் மூலையில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி வேறு.

"இது வெளியில செஞ்சதில்லையே சார்."

மேளம் நின்றுவிட்டது. செய்தவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று தெய்வசிகாமணி போனைப் போட்டுக் கொடுத்தார். அதிகாரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, நாற்பத்தொன்று என்ற நம்பரோடு ரப்பர் இருக்கிறது, உங்களுடையதா என்று விசாரித்தார்.

தமிழ்மாறன் குரல் போனில் வந்தது.

"கண்ணாடி ரப்பர் நான் செஞ்சதுங்க, பில்லு என் கடையில இருக்குது. அடியில இருக்கற ரெண்டு துண்டு எனக்குத் தெரியாதுங்க. கம்பெனி பொருளா இருக்கும்."

பின்னால் நின்ற காண்ட்ராக்ட் ஆட்களில் அன்றைக்கு இதே கேட்டில் இருந்தவர்கள் ஆறேழு பேர். அந்த வார்த்தை அன்றைக்கு யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியும். சசிகுமார் என்கிறவன், தமிழ்மாறனோடு பெல்ட் ஒட்டினவன், முன்னால் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தெய்வசிகாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதிகாரி கேட்டார்: "நீங்க ஃபோர்மன். நீங்களே சொல்லுங்க சார். இது கம்பெனி பொருளா, ஸ்கிராப்பா?"

கம்பெனி பொருள் என்றால் கடைசி நாளில் இவர் திருடன். ஸ்கிராப் என்றால் தமிழ்மாறன் அன்றைக்கும் திருடன் இல்லை. மாலை கழுத்தில் அரித்தது.

"ஸ்கிராப்" என்றார் தெய்வசிகாமணி, அடித்தொண்டையில். "சோதனைத் துண்டு. குப்பைக்குப் போறது."

போன் இன்னும் கட் ஆகவில்லை.

"சார், கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லுங்க" என்றான் தமிழ்மாறன். "இங்க மெஷின் ஓடிகினு கீது, சரியா கேக்கல."

அதிகாரி போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். தெய்வசிகாமணி இன்னொரு முறை சொன்னார். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.