ஈர நரிப்பயறு

அந்த 2003-ஆம் வருஷம் எப்போதும்வென்றான் ஊருக்குக் கிழக்கே பச்சையாகக் கிடந்தது பூவனலிங்கத்தின் புஞ்சை மட்டும்தான். பருத்தி கருகிய நிலத்தில், ஆவணியில் விழுந்த ஒரே மழையை நம்பி நரிப்பயறு விதைத்திருந்தார். காட்டில் தானாக முளைக்கிற கொடிதான் அது. மாட்டுக்குத் தீவனம், மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம், அரிசி இல்லாத வீட்டில் அவித்துத் தின்னப் பயறு.

வேலுத்தாயின் செம்மறிகளுக்கு எலும்பு துருத்தியிருந்தது. அவள் புருஷன் திருப்பதி, நடக்கத் தெம்புள்ள ஆடுகளை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிப் பக்கம் மேய்ச்சல் தேடிப் போயிருந்தான். கிழடுகளும் சினையாடுகளும் இவளிடம். அதிலும் ஒரு சினையாடு படுத்தபடியே செத்ததும், வேலுத்தாய் பூவனலிங்கத்திடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு ஓரமா மட்டும் மேயட்டும்."

"வெதைக்கு விட்டிருக்கேன் தாயி. ஆடு வாய் வச்சா அடுத்த வருஷம் நான் எதை வெதைக்க?"

இரண்டாம் நாள் அவர் ஓட்டப்பிடாரத்துக்கு பஸ் ஏறினார். விடியற்காலை தூறல் போட்டிருந்தது. வேலுத்தாய் புஞ்சையின் முள்ளடைப்பை இழுத்து விலக்கினாள். கொஞ்ச நேரம் மேயவிட்டு ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஆடுகள் தலை தூக்கவில்லை. கம்பால் அடித்தும் நகரவில்லை. ஈரக்கொடியை அள்ளி அள்ளி விழுங்கின.

முதலில் ஒரு கிழட்டு ஆடு காலை உதைத்தது. வெறும் வயிற்றில் தின்ற ஈரக்கொடி காற்றாகப் பொருமி, அதன் இடது வயிறு பானையாக ஏறியிருந்தது. பிறகு இன்னொன்று. வாயில் நுரை தள்ளி, ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடுத்த புஞ்சையில் கருகிய பருத்திச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது பூவனலிங்கத்தின் மனைவி பாண்டியம்மாள் ஒருத்திதான். கூப்பிட்டால் திருட்டு தெரிந்துவிடும். வேலுத்தாய் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"எக்கா! ஓடி வாங்கக்கா! ஆடெல்லாம் சாகுதுக்கா!"

பாண்டியம்மாள் வந்து பயிரைப் பார்த்தாள்.

"அடி பாவி! வெதையில கொண்டாந்து விட்டுட்டியே!"

"என்னைய அப்புறமா கொல்லுங்கக்கா. இதுகளைக் காப்பாத்துங்க."

பாண்டியம்மாள் வைதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். கடலை எண்ணெய்ப் போத்தலும் சாக்கு ஊசியுமாகத் திரும்பினாள். ஒருத்தி வாயைப் பிளக்க, ஒருத்தி எண்ணெய் ஊற்றினாள். வயிற்றைப் பிசைந்து நடத்திவிட்டார்கள். எண்ணெய் தீர்ந்தபோது ஒரு சினையாடு மூச்சுக்குத் தவித்தது. வேலுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு அதன் விலாவுக்குப் பின்னால் ஊசியை இறக்கினாள். சீறிக்கொண்டு காற்று வந்தது. அப்படியும் அது பிழைக்கவில்லை.

பூவனலிங்கம் திரும்பியபோது பாதிக்குமேல் செத்துக் கிடந்தன.

"யாரு திறந்துவிட்டது?"

"நாந்தான் மேய்க்கச் சொன்னேன்," என்றாள் பாண்டியம்மாள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிதிபட்ட கொடியைக் கையில் எடுத்தவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலுத்தாய் அவர் காலடியில் விழுந்தாள்.

மறுநாள் பாண்டியம்மாள் மிதிபட்ட கொடியை அறுத்துக் கட்டாக வேலுத்தாயின் தொழுவத்தில் கொண்டுவந்து போட்டாள்.

"வெயில்ல வாட வச்சு, சோளத்தட்டையோட கலந்து கொஞ்சம் கொஞ்சமாப் போடு. இனி அங்கன வராத."

அந்த வாரக் கடைசியில் திருப்பதி வந்தான். அவன் பின்னால் வந்த ஆடுகளும் கொஞ்சம்தான்.

"வழியெல்லாம் செத்து விழுந்துட்டுதுக," என்றான். "இங்கன எப்படிட்டி?"

வேலுத்தாய் தொழுவத்தைக் காட்டினாள். அங்கே மிஞ்சிய ஆடுகள் ஒரு மூலையில் வாட வைத்த கொடியை மென்றுகொண்டிருந்தன.