பாட்டு நின்ற இடத்தில் ஸ்தோத்திரம்

விஜி லேப்டாப்பில் ஆராதனை நடத்தப்போகிறாள் என்ற செய்தி, வெள்ளானூர் சபையைத் தாண்டி ஆவடி குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து வந்து, மூன்று மாதம் ஹெட்போனைக் கழற்றாமல் அவள் செய்த துதிப்பாட்டு அது. வரிகளெல்லாம் பைபிளில் இருக்கிற சங்கீதப் புத்தகத்தின் சாயல். தாளம் மட்டும் துள்ளிக் குதிக்கிற டான்ஸ் தாளம்.

பாஸ்டர் பூபாலன் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஒரு ஞாயித்துக்கெழம, ஒரு பாட்டு. சபை ஏத்துக்கினா தொடரு. இல்லாங்காட்டி இந்தப் பேச்சே வேணாம்மா.”

சபை என்றால் ஜெகதாம்பாள் என்று அர்த்தம். பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். அவர் முகம் சுளித்தால், சபையில் விரித்த பாய்க்குப் பாய் முகம் சுளிக்கும். ஒத்திகையிலேயே சுளித்துவிட்டார்.

“இன்னாம்மா, கல்யாண ஊட்டு டிஜே மாரி கீது? கர்த்தருக்கு இன்னா காது கேக்காதா?”

விஜிக்குச் சுருக்கென்றது. பைபிளில் தாவீது ராஜாவே கர்த்தருக்கு முன்னால் ஆடவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாட்டு அன்றைக்கே போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் போட்டாள். பிள்ளைகள் உடனே குதித்தார்கள். ஆண்கள் பக்கம், கை தட்டலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளம் ஏறி, இன்னும் ஏறி, சட்டென்று நின்றது. ரெண்டே நொடி மௌனம், அப்புறம் கூரைத் தகர ஷீட் அதிர முழுத் தாளமும் இறங்கும். இந்த வகைப் பாட்டுக்கு அந்த மௌனம்தான் உயிர்.

பாவம், அது விஜிக்குத்தான் தெரியும். அந்தச் சபையில் பாட்டு நின்றால் முடிந்தது என்று பொருள், முடிந்தால் ஸ்தோத்திரபலி, எல்லோரும் கைதட்டி ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொல்வது. இருபது வருஷப் பழக்கம்.

“ஸ்தோத்திரம் சொல்லுவோம்!” பாஸ்டர் மைக்கைப் பிடித்துவிட்டார். பதறிப்போய் விஜி பாட்டை நிறுத்தினாள்.

போச்சு, எல்லாம் போச்சு. கண்ணில் தண்ணீர் முட்டியது. லேப்டாப்பை மூடக் கை வைத்தாள்.

ஜெகதாம்பாள் கணீரென்று ஆரம்பித்தார். “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!” பெண்கள் சேர்ந்தார்கள். ஆண்கள் சேர்ந்தார்கள். கைத்தட்டல் முதலில் நிதானமாக, அப்புறம் விறுவிறுவென்று, அப்புறம் மூச்சுவிட நேரமில்லாமல். விஜியின் கால் தானாகத் தட்டியது. அடப்பாவி, மூன்று மாதம் கம்ப்யூட்டரில் முட்டி மோதி அவள் ஏற்றிய அதே ஏற்றம்! இவர்கள் வாரா வாரம் வெறுங்கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டின் வேகத்தைக் கைத்தட்டலுக்குச் சரியாக வைத்தாள். காத்திருந்தாள். எல்லோர் குரலும் உச்சிக்குப் போன அந்த ஸ்தோத்திரத்தில் பட்டனை அழுத்தினாள்.

இறங்கியது பாருங்கள்! மொத்த சபையும் எழும்பியது. பாஸ்டர் மைக்கோடு குதித்தார். கைத்தட்டலாமா என்று யோசித்தவர்கள் கைக்குட்டையைச் சுழற்றினார்கள். விஜி அழுதாள், சிரித்தாள், ரெண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

முடிந்ததும் ஜெகதாம்பாள் மூச்சு வாங்க வந்து நின்றார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நடுவுல நாங்க ஸ்தோத்திரம் சொல்றதுக்குன்னு எடம் உட்டுருக்க பாரு, அதாம்மா எனக்குப் புடிச்சிது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் நீட்டி வையி. நாங்க சூடு ஏர்றதுக்குள்ள அடிச்சிட்ட.”

“சரி ஆன்ட்டி” என்றாள் விஜி.