சகாயநாதனுக்கு இரண்டு லிட்டர்

பரிசல்காரர் திம்மராயன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். உட்கார்ந்து பேசுகிற விஷயமில்லை என்று லிபியாவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரரு இன்னும் கயித்த இழுத்துக்கிட்டுத்தான் இருக்காரும்மா” என்றார்.

லிபியா அப்போதுதான் நைட் ஷிஃப்ட் முடிந்து மத்திகிரி வீட்டுக்கு வந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கணவன் சகாயநாதன் ஆற்றோடு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உடல் கிடைக்கவில்லை.

“யாருண்ணா சொன்னது?”

“யாரு சொல்லணும்? என் காதுதான். விடியக்கால பரிசல் எடுத்துக்கிட்டுப் போனா நுரைக்குள்ளேர்ந்து கேக்குது. கர்ர்ர்னு ஒரு இழுப்பு. நின்னுடுது. மறுபடியும் ஒண்ணு. மூணாவது இழுக்கறதுக்கு முன்னாடி ‘மாதாவே’ன்னு ஒரு குரலு. அவ்ளோதான், என்ஜின் பத்தறதே இல்ல. எங்க ஆளுங்க யாரும் அங்க வலை போடறதில்ல. நான் ஒருத்தன்தான் பாக்கி. நேத்தோட எனக்கும் தைரியம் போயிடுச்சு.”

லிபியாவின் கை அடையாள அட்டையின் கயிற்றை இறுகப் பிடித்தது. மூன்றாவது இழுப்புக்கு முன் ‘மாதாவே’ என்பது, சகாயநாதனோடு படகில் ஏறியவர்களுக்கு மட்டுமே தெரிந்த அவன் பழக்கம். திம்மராயன் ஒருநாளும் அந்தப் படகில் ஏறியதில்லை.

சகாயநாதன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். ஃபிட்டர் வேலைக்கு ஓசூர் வந்தபோது மற்றவர்கள் கட்டிலும் பீரோவும் கொண்டுவந்தார்கள். அவன் ஒரு பழைய ஃபைபர் படகையும் அதன் என்ஜினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். “ஓசூர்ல படகா? எங்க ஓட்டப்போற, சிக்னல்லயா?” என்று தெருவே சிரித்தது. ஆனால் மழைக்காலத்தில் தென்பெண்ணையில் ஆடோ ஆளோ மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். எந்த நேரமானாலும் போவான். அதற்காகவே டேங்க்கை எப்போதும் நிரப்பி வைத்திருப்பான். சித்திரையில் ஊற்றிய பெட்ரோல் ஐப்பசிவரை அப்படியே நிற்கும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தென்பெண்ணை அணைக்குக் கீழே, ஆற்றின் நடுப்பாறையில் நின்று நுரையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள் சரிதா. கல்லாவியிலிருந்து வந்து செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பெண். மேலே கர்நாடகாவில் மழை. தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று சைரன் ஊதியது. காதில் ஹெட்செட் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறையைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. ஆலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்த தண்ணீர், ஆள் உயரத்துக்கு நுரை கட்டிக்கொண்டு வந்தது.

சகாயநாதன் படகோடு போனான். கரையில் முதல் இழுப்பிலேயே பற்றிய என்ஜின், பாதி ஆற்றில் இருமியது, நின்றது. அவன் கயிற்றை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். நுரை முதலில் படகை மூடியது. பிறகு பாறையை.

படகு மறுநாள் தரைப்பாலத்துத் தூணில் சிக்கிக் கிடைத்தது. சரிதாவும் கிடைக்கவில்லை. கல்லாவியிலிருந்து பஸ் பிடித்து வந்த சரிதாவின் அம்மா மங்கம்மா, கரையில் லிபியாவின் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள். “பாதி ஆத்துல நிக்கறவன் எதுக்குடி கெளம்பி வந்தான்? அவன் வரலைன்னா வேற யாராச்சும் வந்திருப்பாங்களே!”



மறுநாள் விடியலில் அவள் திம்மராயனோடு ஆற்றங்கரைக்குப் போனாள். தண்ணீர் வேகமில்லாமல் கிடந்தது. மேலே நுரை மட்டும் வெள்ளைப் போர்வையாய் அசைந்தது. ரசாயன நெடி தொண்டையைப் பிடித்தது.

கர்ர்ர்.

லிபியா ஓரடி முன்னால் வைத்தாள்.

கர்ர்ர்.

ஒரு மூச்சு இடைவெளி. கையை லுங்கியில் துடைத்துக்கொள்ள ஆகும் நேரம்.

“மாதாவே…”

கர்ர்ர். டக்.

லிபியா தண்ணீரில் கால் வைத்துவிட்டாள். திம்மராயன் கையைப் பிடித்து இழுத்தார். “பேடாம்மா, வேணாம்! கூப்பிட்டாக்கூட போவாதீங்க!”

“அவரு என்னக் கூப்பிடலண்ணா” என்றாள் லிபியா. “என்ஜினத்தான் கூப்பிடறாரு.”

அங்கிருந்து நேரே பிரேம்குமார் கடைக்குப் போனாள். மத்திகிரியில் மருந்தடிக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் பார்க்கிற கடை. சகாயநாதனின் கூட்டாளி அவன். மீட்ட என்ஜின் ஒரு வருஷமாக அவன் கடை மூலையில் சாக்குக்குள் கிடந்தது.

“அத எடு பிரேமு. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு என்னக்கா ஆவப்போவுது?”

“எடுடா.”

அவன் மூலைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்தான். சாக்குக்கு அடியில் படகின் டேங்க்கும் இருந்தது. மூடியின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது. ஓடும்போது அதைத் திறந்துதான் வைக்க வேண்டும். கரைக்கு வந்ததும் மூட வேண்டும். சகாயநாதன் கரைக்கு வரவே இல்லையே. டேங்க்கில் மிச்சமிருந்ததைப் பிரேம்குமார் ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்தான். மேலே மஞ்சளாகப் பெட்ரோல். அடியில் கலங்கலாக இன்னொரு நீர், தனியாக.

“ஆத்துத் தண்ணி பூந்திருக்குமோ?”

“கொஞ்சம் இருக்கும். ஆனா என் கடைக்கு வர்ற ஒவ்வொரு மெஷின்லயும் இதே கததான், அதுங்க ஆத்துப் பக்கமே போனதில்ல.” தரையில் குந்தி உட்கார்ந்தான். “இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கல்ல? தெனம் ஓடற வண்டிக்கு ஒண்ணும் தெரியாது. மாசக்கணக்கா நின்னா அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். வயிறு நெறைஞ்சதும் தண்ணியோட சேந்து அடியில எறங்கிடும். டியூப் உறிஞ்சறது அடியிலதான். கார்புரேட்டர்ல இருந்த நல்ல பெட்ரோல்ல மொதல்ல என்ஜின் எடுத்திருக்கும். அது தீந்ததும்…” கையை விரித்தான். “எப்பவும் ரெடியா இருக்கணும்னு அண்ணன் ஃபுல் டேங்க் போட்டு வைக்கும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அது சரி.”

லிபியா ஜாடியையே பார்த்தாள். கவனமில்லாமல் போனான் என்று ஊரே சொன்னது. கவனமாக இருந்ததால் போயிருக்கிறான்.

இறுக்கத்தைக் கலைக்க நினைத்த பிரேம்குமார் ஒன்று சொன்னான். “இந்தப் பெட்ரோலப் போட்டா பேயால கூட ஸ்டார்ட் பண்ண முடியாதுக்கா.”

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

“அப்போ கலக்காத பெட்ரோல் வேணும்” என்றாள் லிபியா.

“யாருக்கு?”

“அவருக்கு.”

பிரேம்குமார் அவளுக்கு ஒரு சோதனை கற்றுக்கொடுத்தான். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. மேலே பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேரும். தண்ணீர் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறும். ஏறாவிட்டால் கலக்காதது.

பாகலூர் ரோடு, தளி ரோடு, சூளகிரி. ஷிஃப்ட் முடிந்து கிடைத்த நேரமெல்லாம் பங்க் பங்க்காக அலைந்தாள். டேங்க் காலியான ஸ்கூட்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஓரமாக நிறுத்தி டியூப்பைக் கழற்றி பாட்டிலில் பிடிப்பாள். “ஏம்மா, தண்ணி கலந்து குடிக்கப் போறியா? சோடா வேணுமா?” என்று ஒருவன் கேட்டான். லிபியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டையே பார்த்தாள். ஏறியது. போன இடமெல்லாம் ஏறியது.

அவள் வெறும் கையோடு திரும்பும் விடியல்களிலெல்லாம் ஆற்றில் கயிறு இழுபட்டது. இழுப்பு வரவர மெலிந்துகொண்டே வந்தது. கைசோர்ந்தவனின் இழுப்பு.

பெங்களூரில் ரேஸ் பைக் வைத்திருப்பவர்கள் நூறு ஆக்டேன் என்று ஒரு பெட்ரோல் போடுகிறார்கள், அதில் எத்தனால் இல்லையாம் என்று பிரேம்குமார்தான் விசாரித்துச் சொன்னான். அவன் பைக்கிலேயே அத்திப்பள்ளி தாண்டிப் போனார்கள். கேனை நீட்டியதும் பங்க் ஆள் தலையாட்டினான்.

“டப்பக்கெ ஹாகல்ல மேடம்.”

கேனில் ஊற்ற மாட்டானாம். பிரேம்குமார் இதை எதிர்பார்த்தவன்தான். ஓரமாகப் போய் பைக் டேங்க்கைச் சொட்டில்லாமல் கேனில் வடித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “இப்ப வண்டிக்கே போடுங்க சார்” என்றான்.

கடைக்குத் திரும்பி, பைக்கிலிருந்து பாட்டிலில் பிடித்து, குலுக்கி, மேஜையில் வைத்தார்கள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

லிபியா அன்று மாலையே கல்லாவிக்குப் போன் செய்தாள். “மங்கம்மாக்கா, நாளைக்கு விடியறதுக்குள்ள ஆத்தாண்ட வரணும். பொண்ணு நெனப்பு இருந்தா வாங்க.”

“ஊத்தங்கரையில பஸ் இருக்குதான்னு பாக்கறேன்” என்றாள் மங்கம்மா.

மறுநாள் கல்லறைத் திருநாள். எல்லோரும் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகிற நாள். லிபியாவுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. மெழுகுவர்த்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு வந்தாள்.

கழுவித் துடைத்த டேங்க்கில் இரண்டு லிட்டர். ஆயிலும் கலந்தாயிற்று. படகைத் திம்மராயன் கரையில் கட்டியிருந்தார். பிரேம்குமார் பிரித்துத் துடைத்துச் சரிசெய்த என்ஜினை மாட்டினான். மங்கம்மா தள்ளி நின்றாள். லிபியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வானம் வெளுக்கத் தொடங்கியது. நுரைக்குள் முதல் இழுப்பு கேட்டது. மங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லிபியா காற்றுத் திருகைத் திறந்தாள். கயிற்றைப் பிடித்தாள். ஒரே இழுப்பு.

என்ஜின் பற்றிக்கொண்டது. ஒரு வருஷம் கேட்காத சத்தம், இருமலில்லாமல், சீராக. உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்த கயிறு நின்றுவிட்டது. கேட்டுவிட்டான்.

அவள் கரையில் இறங்கி, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

“அய்யோ, படகு போயிடும்மா!” என்றார் திம்மராயன்.

“அது அவரோடதுண்ணா.”

கியர் போடாத படகு மெல்ல மிதந்து நுரைக்குள் நுழைந்தது. கண்ணுக்கு மறைந்தது. என்ஜின் மட்டும் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

கடக்.

“கியரு…” என்றான் பிரேம்குமார்.

சத்தம் நகர்ந்தது. கரைக்கு வருமென்று லிபியா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் கரைக்கு வரவில்லை. விலகிப் போனது. ஆற்றை எதிர்த்து, மேலே.

“எங்க போவுது? ஏய், எங்க போறாரு?” என்று கத்தினாள்.

பதில் சொன்னது மங்கம்மா. “பாறைக்கு” என்றாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். “எம் பொண்ண எடுக்கப் போறாரு.”

பாறை இருக்கும் திசையில் சத்தம் தணிந்தது. நின்று துடித்தது. ஒரு ஆள் பயந்து பயந்து ஏறி உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு திரும்பியது. இந்த முறை நேராக, கரையை நோக்கி.

நுரை விலகிப் படகு வெளியே வந்தபோது என்ஜின் ஏற்கெனவே நின்றிருந்தது. அதன் விசிறி கரைக்கல்லில் இடிக்காதபடி தூக்கியும் விடப்பட்டிருந்தது. படகு விளிம்புவரை நுரையால் நிறைந்திருந்தது. இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் நுரை இல்லை. முன் பலகையில் ஒரு குழி, ஒல்லியாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கியது போல. என்ஜினுக்குப் பக்கத்தில் இன்னொன்று, அகலமாக.



மங்கம்மாதான் எழுந்து தண்ணீரில் இறங்கினாள். முன்பலகையின் அந்த வெற்றிடத்துக்குக் கையை நீட்டினாள். “எறங்கு கண்ணு” என்றாள். “நம்ம ஊருக்குப் போவலாம்.”

நுரை சரிந்து முன் குழி மூடிக்கொண்டது.

மங்கம்மா திரும்பி நடந்தாள். ஒரு கை மட்டும், யாரையோ பிடித்தது போல உடம்பைவிட்டு விலகியே இருந்தது. லிபியாவைத் தாண்டும்போது நின்றாள். “தாயி, அன்னிக்கு நான் சொன்னது…” என்றாள். லிபியா அவள் தோளைத் தொட்டாள். மங்கம்மா பஸ் ரோட்டுக்கு ஏறினாள்.

பின் குழி அப்படியே இருந்தது. படகில் வந்தவர்கள் எல்லாம் இறங்கிய பிறகுதான் சகாயநாதன் இறங்குவான். அது லிபியாவுக்குத் தெரியும். அவசரப்படுத்தாமல் கரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

வெயில் ஏறியது. நுரை அடங்கியது. பிரேம்குமாரும் திம்மராயனும் எப்போது போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் எழுந்து டேங்க் மூடியின் காற்றுத் திருகை மூடப்போனாள். அது ஏற்கெனவே இறுக்கி மூடியிருந்தது.

படகு முழுக்க ஈரம். என்ஜினுக்குப் பக்கத்துப் பலகையில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. டேங்க்கைக் கழற்றித் தூரமாகக் கரையில் வைத்துவிட்டு வந்து, மெழுகுவர்த்தியை அந்தப் பலகையில் நட்டுக் கொளுத்தினாள். ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.