சந்தனமாரிக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

சாரல் விழ ஆரம்பித்த மறுநாளே, இலத்தூரிலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் போகும் காலை டவுன் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ‘சிறப்புப் பேருந்து’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். அதே பஸ், அதே கிழிந்த சீட்டு, அதே இடத்தில் ஒழுகல். அதுவரை பெண்களுக்கு இலவசம், இனிமேல் காசு. அது ஒன்றுதான் சிறப்பு.

“லாட்ஜில நான் ரூம் கூட்டுத கூலில பாதி பஸ்ஸுக்கே போயிருது பீவிக்கா,” என்றாள் முத்துலட்சுமி. “சீசன் முடியுத வரைக்கும் இப்படின்னா நான் வேலைய விட்டுட்டு வீட்லதான் கெடக்கணும்.”

ஹைருன் பீவி குற்றாலத்தில் ரம்புட்டான் விற்கிறவள். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “எடுக்காட்டி என்ன?” என்றாள்.

“எதை?”

“டிக்கெட்டத்தான். நாம எல்லாரும் ஏறுவோம், ஒருத்தியும் எடுக்கக் கூடாது. செக்கிங் வந்து புடிக்கட்டும். ஃபைன் கட்ட மாட்டோம்னு சொல்லுவோம். ஏன்னு கேப்பாவள்லா? அப்ப சொல்லுவோம்.”

குற்றாலத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் கண்டக்டர் சுடலைராஜ் வந்து நின்றான்.

“எடுக்க மாட்டோம் தம்பி. இது போராட்டம்,” என்றாள் ஹைருன் பீவி.

“யக்கா, செக்கிங் ஏறுனா எனக்குல்லா மெமோ?”

“நீ கேட்ட, நாங்க மாட்டோம்னோம். அப்படியே சொல்லு.”

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. குற்றாலத்தில் டீக்கடை வைத்திருக்கும் பலவேசம். “ஏ தம்பி, லச்சுமிக்கு ஒண்ணு போடு!”

“வேண்டாம் அண்ணாச்சி!”

“சும்மா இரு தாயி. ஒங்க அய்யாவும் நானும் ஒண்ணா படிச்சவங்க.”

“காசு இல்லாம இல்ல அண்ணாச்சி. இது கொள்கை!”

“கொள்கைக்கும் சேத்து எடுக்கேன். போடுய்யா.”

காசு கைக்குக் கை மாறி முன்னே போயிற்று. டிக்கெட் கைக்குக் கை மாறிப் பின்னே வந்தது. அதைப் பார்த்த இன்னொருவருக்கு, தான் எடுக்காமல் விட்டால் மரியாதையாக இருக்காதே என்று தோன்றியது. தென்காசி வருவதற்குள் முத்துலட்சுமி கையில் நாலு டிக்கெட். ஹைருன் பீவிக்கு அவள் தெருவில் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் எடுத்தார். ரம்புட்டான் கூடைக்கும் லக்கேஜ் எடுத்துவிட்டார். மற்றப் பெண்களுக்கும் இப்படியே ஆள் மாற்றி ஆள் எடுத்தார்கள்.

தென்காசியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் நம்பிராஜன் ஏறினார். எல்லார் கையிலும் டிக்கெட். “பரவால்லயே சுடலைராஜு, சீசன்ல இப்படி ஒரு வண்டிய நான் பாத்ததே இல்ல,” என்று அவன் முதுகில் தட்டிவிட்டு இறங்கினார்.

“கிழிச்சு எறிஞ்சிருக்கலாம்லா?” என்றாள் ஹைருன் பீவி.

“ஆசையா எடுத்துத் தந்தத அவுக கண்ணு முன்னாலயே கிழிக்கவா? நாளைக்கு எப்படி மொகத்துல முழிக்க?”

“அதுவுஞ் சரிதான்.”

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பலவேசம் அண்ணாச்சி கையில் சில்லறையோடு தயாராகவே ஏறினார்.

“லச்சுமி, இது இப்படிச் சரிப்படாது,” என்றாள் ஹைருன் பீவி. “நமக்கு ஒரு ஆளு வேணும். இந்த வட்டாரத்துலயே ஒருத்தரும் டிக்கெட் எடுத்துத் தராத ஆளா இருக்கணும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெயரை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

சந்தனமாரி அருவிக்குப் போகும் வழியில் நெல்லிக்காய் விற்கிறவள். சீட்டில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் சொன்னவருடைய வம்சத்தையே கூப்பிட்டு விசாரிப்பாள். பலவேசம் கடையில் போன வருஷம் வாங்கிய டீயை, “இத நீரே குடியும்வே,” என்று பாய்லர் தலையிலேயே ஊற்றிவிட்டு வந்தவள்.

“என்னைய எதுக்குட்டி இப்ப கூப்பிடுதிய?” என்று சந்தேகமாகக் கேட்டாள்.

“நீங்க தைரியசாலிக்கா,” என்றாள் முத்துலட்சுமி.

“அது எனக்கே தெரியும். வேற?”

“வேற ஒண்ணும் இல்லக்கா,” என்று ஹைருன் பீவி குனிந்து ரம்புட்டானைத் திருப்பி அடுக்கினாள்.

மறுநாள் காலை, கணக்குத் தப்பவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் வந்துகொண்டே இருந்தது. சந்தனமாரியின் முறை வந்தபோது பலவேசம் ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

தென்காசியில் நம்பிராஜன் ஏறினார். “டிக்கெட்?”

“இல்ல,” என்றாள் சந்தனமாரி.

“இல்லியா!”

“அதுல ஒமக்கு ஏன்வே இவ்வளவு சந்தோசம்?”

“மூணு தடவ கேட்டேன் சார்,” என்றான் சுடலைராஜ். “மூணு தடவையும் எங்க தாத்தா வரைக்கும் போயிட்டாவ.”

நம்பிராஜன் அபராத ரசீதுக் கட்டை எடுத்தார். சந்தனமாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“பொறும். ஏட்டி லச்சுமி, ஒன் கையில என்ன?”

“டிக்கெட்டுக்கா.”

“எத்தன?”

“மூணு.”

“பீவி, ஒனக்கு?”

“ரெண்டு. கூடைக்கு ஒண்ணு.”

“கூடைக்குக் கூடவா?”

சந்தனமாரி பஸ் முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது. அந்த ரூட்டில் அவள் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை.

“எனக்கு ஒருத்தரும் எடுக்க மாட்டாவன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டிய, என்ன?”

முத்துலட்சுமி வாயே திறக்காமல் இருந்தால் போதும். ரசீது எழுதுவார்கள், தகராறு வரும், நினைத்தது நடக்கும். இல்லை, ஒரு டிக்கெட்டை நீட்டினால் சந்தனமாரியின் முகம் தெளியும், ஆனால் இலவச பஸ் போனது போனதுதான். அவள் மூன்று டிக்கெட்டையும் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏம்மா, என்ன பண்ணுத?” என்றார் நம்பிராஜன்.

“ம்ம்.”

“டிக்கெட்டக் காட்டு!”

சிரமப்பட்டு விழுங்கினாள். “எங்கிட்டயும் டிக்கெட் இல்ல சார். எனக்கும் எழுதுங்க.”

பலவேசம் துள்ளி எழுந்தார். “ஏ தாயி! அது நான் எடுத்ததுல்லா!”

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஒங்களுதுதான் முழுங்கவே கஷ்டமா இருந்துச்சு.”

ஹைருன் பீவி பிஸ்மில்லா சொல்லிவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த சீட்டு, அதற்கடுத்த சீட்டு என்று பஸ்ஸின் இடது பக்கம் முழுக்க மென்றது. சந்தனமாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடையைத் திறந்தாள். “வெறுந் தாள எப்படிட்டி திம்பிய? இந்தா, நெல்லிக்கா. உப்பத் தொட்டுக்கோங்க.”

“துப்புங்கம்மா! எல்லாரும் துப்புங்க!” என்று நம்பிராஜன் கத்தினார்.

“நான் குடுத்தது மெஷின்ல இருக்கு சார்,” என்றான் சுடலைராஜ். “திங்கதுக்கு ட்ரெயினிங்ல ஒண்ணும் சொல்லித் தரல.”

ஃபைன் கட்ட ஒருத்தியும் சம்மதிக்காததால் பஸ்ஸை அப்படியே டிப்போவுக்கு விட்டார்கள். தென்காசியில் ஏறியிருந்த டூரிஸ்டுகள் தோளில் துண்டோடு, “அருவிக்கு இப்படியா போவாங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பஸ் டிப்போ வாசலை அடைத்து நின்றது. பின்னால் மற்ற பஸ்களின் ஹாரன். மேனேஜர் டீ கிளாஸோடு வெளியே வந்தார்.

“என்னய்யா கேஸு?”

“எடுக்காதது ஒருத்தி சார். மத்தவங்கல்லாம் தின்னுட்டாங்க.”

“தின்னதுக்கு என்ன ஃபைன்?”

“அதான் சார் தெரியல.”

மேனேஜர் நெற்றியைத் தடவினார். “என்னதாம்மா வேணும் ஒங்களுக்கு?”

“காலையில ஒரு வண்டி. பழையபடி,” என்றாள் முத்துலட்சுமி. “நாங்க வேலைக்குப் போகணும், குளிக்கப் போகல.”

“மேல கேட்டுச் சொல்லுதேன்.”

“கேளும்,” என்றாள் சந்தனமாரி. “அது வரைக்கும் பேசிட்டிருப்போம். ஒமக்கு எந்த ஊரு? ஒங்க அய்யா பேரென்ன?”

சுடலைராஜ் மேனேஜர் காதருகே குனிந்தான். “சொல்லிராதீங்க சார்.”

ஹாரன் நிற்கவில்லை. டூரிஸ்டுகள் இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். “காலை வண்டி மட்டும், பழையபடி. எடுங்கய்யா அந்தத் தாள.”

யாரும் அசைவதற்குள் சந்தனமாரி பம்பரில் ஏறி நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

“பாத்தும்மா, கண்ணாடி!” என்றார் மேனேஜர்.

“ஒம்ம சோலியப் பாரும்.”

தாளை உரித்துவிட்டு இறங்கி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முத்துலட்சுமியிடம் வந்தாள்.

“வயிறு வலிக்கா?”

“லேசா.”

“வலிக்கட்டும். ஊர்ல வேற ஆளே கெடைக்காத மாதிரி என்னையப் போயி புடிச்சியல்லா.”

சொல்லிவிட்டு, பஸ் கிளம்பும்போது அவள் பக்கத்து சீட்டிலேயே போய் உட்கார்ந்தாள்.