திரும்பி வந்த கட்டு

அன்று காலை செக்கிங் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்: பால்துரையாகிய நான், என் மகன் பென்சன், மருமகள் ரெனிட்டா, ஸ்டோர் பார்க்கும் இருளப்பசாமி, சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் மகாலட்சுமி. மேஜைமேல், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்று திருப்பி அனுப்பிய பேண்டேஜ் துணிக்கட்டு.

ராஜபாளையத்தில் முப்பத்தாறு வருடமாக இந்தத் தொழில் செய்கிறோம். திரும்பி வரும் சரக்கு எங்கள் முன்வாசலில் இறங்காது, தெரு பார்த்துவிடும். பின்கேட் வழியாகக் கொண்டுவந்து, பிரிக்காமலே கொட்டகையில் போட்டுத் தார்ப்பாயால் மூடிவிட்டு, வேறு கட்டு அனுப்புவோம். குறை யாருடையது என்று நானே சொல்லிவிடுவேன். இந்தக் கட்டு ஜூன் மாதம் வந்தபோது மகாலட்சுமியைச் சொன்னேன்.

"நான் பாத்ததா இருக்காதுய்யா. உள்ள பாத்தவுக பேரு எழுதுன சீட்டு இருக்கும், பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

எதிர்த்துப் பேசுகிறாள் என்று, பத்து வருடம் செக்கிங்கில் இருந்தவளைக் கழிவு நூல் கூட்ட அனுப்பினேன்.

இப்போது ரெனிட்டா புது ஒழுங்கு கொண்டுவந்திருந்தாள். திரும்பி வந்த ஒவ்வொரு கட்டையும் எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும். பார்த்து அனுப்பியவரின் சீட்டை வாசிக்க வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. பார்க்கத்தான் நின்றேன்.

"கொட்டகைக்குள்ள அம்புட்டும் பூரான். நம்ம சரக்குல கொறை சொல்லாதது அதுக மட்டுந்தான்" என்றான் இருளப்பசாமி. பென்சன் சிரித்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விளக்கு வெளிச்சம் விழும் மேஜைக் கண்ணாடிமேல் ரெனிட்டா துணியை விரித்தாள். முழ நீளத்துக்கு எண்ணெய்க் கறை. சின்னப்பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். உள்ளிருந்து விழுந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். வாசிக்காமல் என்னிடம் நீட்டினாள்.

மகாலட்சுமி லீவு போட்ட நாட்களில் அந்த மேஜையில் உட்கார்ந்தது நான். கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கட்டைப் பிரிக்காததற்குக் காரணம் கௌரவம் மட்டுமல்ல.

"வாசிங்க மாமா."

"பால்துரை" என்று வாசித்தேன்.

மகாலட்சுமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேஜையை ஒட்டி வந்தாள்.

"செத்த தள்ளுங்கய்யா. வெளிச்சம் மறைக்கிது."

மருமகள் என்னை மேஜையிலிருந்து விரட்டிவிட்டாள் என்று, ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. தள்ளச் சொன்னவள் மகாலட்சுமி. நான் தள்ளி நின்றேன்.