பில்லில் சேராத உப்பு

"சூப் ஆறுது."

"ஆறட்டும். நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

"நீ கேட்டது கேள்வி இல்ல, குத்தல்."

"குத்தல்னா குத்தல்தான். உங்க மூக்கு மேல உக்காந்திருக்கே கண்ணாடி, அது எவன் கொடுத்த டிப்ஸுல வாங்கினது?"

"அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான்டி வெங்காயம் நறுக்குறேன். அந்த வெங்காயத்தைத் தின்னுட்டுத்தான் அவன் உன் கையில காசு கொடுத்தான். என் கையில ஒருத்தன், ஒரே ஒருத்தன் கொடுத்திருப்பானா?"

"அடுப்படியை விட்டு வெளிய வந்தாத்தானே கொடுப்பான்!"

"நான் வெளிய வந்துட்டா உள்ள யாரு கிண்டுறது, உங்கப்பாவா?"

"எங்கப்பாவை எதுக்கு இழுக்குறீங்க? அந்த மனுஷன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு."

"சூப் ஆறுதுன்னு சொன்னேன்."

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில், சுவரை வெட்டி வைத்த அந்தச் சின்ன ஜன்னல்தான் இவர்கள் குடும்பம் நடத்தும் இடம். அவன் சமையல்காரன், அவள் பரிமாறுகிறவள். வீட்டில் இருவருக்கும் பேச நேரம் இருப்பதில்லை. போனதும் படுக்கை, எழுந்ததும் ஓட்டம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, வீடு மாறியது, அவனுடைய தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டது, மறுபடி சேர்ந்துகொண்டது, எல்லாம் இந்த ஜன்னல் திட்டில் தட்டுகள் போகவும் வரவும் நடந்ததுதான். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிற கூச்சலில் உலகப்போரே நடத்தலாம்.

இப்போது நடப்பது ஒரு மாதமாக நடக்கும் போர். போன மாதம் சின்ன முதலாளி கண்ணாடிக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்படும், அனைவரும் ஒத்துழைக்கவும். அதுவரைக்கும் மேஜையில் வைத்துவிட்டுப் போகும் காசு எடுப்பவளுக்குச் சொந்தம். இனி அந்தப் பத்து சதவீதம் சமையல்காரனுக்கு, பரிமாறுகிறவளுக்கு, பாத்திரம் கழுவும் சித்திக்கு என்று சமமாகப் பங்கு. ஒரு மாதம் போட்டுப் பார்ப்போம், பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்றார். அந்த மாதம் இன்றோடு முடிகிறது. மதியக் கடை முடிந்து, சாயங்காலக் கடை திறப்பதற்குள் பதில் வேண்டும்.

"அக்கா, அண்ணே, நீங்க ரெண்டு பேரும் ஒரே வார்த்தையா வந்து சொல்லிடுங்க. உங்களுக்கு நடுவுல நான் வரமாட்டேன்" என்று அவர் அன்றைக்கே நழுவிவிட்டார்.

"முதல்ல உறவு முறையை ஒழுங்காச் சொல்லுங்க தம்பி. இவ அக்கான்னா நான் மாமா. நான் அண்ணன்னா இவ அண்ணி. அக்கா, அண்ணேன்னு கூப்பிட்டா எங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குறவன் என்ன நினைப்பான்?" என்றான் சமையல்காரன். சின்ன முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அடுத்த நாளும் அக்கா, அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

அவன் முதல் நாளே சரி என்றுவிட்டான். அவளுக்கு அந்தப் பத்து சதவீதம் ஆகவே இல்லை. வருமானம் குறைந்தது என்பது ஒரு பக்கம்; குறைந்ததுதான், அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் வயிற்றெரிச்சல் அதற்காக மட்டும் இல்லை. மேஜைமேல் காசு வைக்கிற விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவாள். சாஸருக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர் வெட்கக்காரர். ஊருக்கே தெரிகிற மாதிரி விரித்து வைக்கிறவர் கூட வந்தவளுக்காக வைக்கிறார். கொடுக்காமல் போகிறவர்களும் உண்டு. போகட்டும். அப்படிப் போகிற சுதந்திரம் இருந்ததால்தான் கொடுத்ததற்கு ஒரு ருசி இருந்தது. இப்போது எல்லோரும் பில்லைப் பார்க்கிறார்கள், முகம் சுருங்குகிறது, நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்கள். அவள் சிரித்த சிரிப்பெல்லாம் பில்லில் ஒரு வரியாகிவிட்ட மாதிரி.

ஆனால் இந்த வாதத்தை எங்கே ஆரம்பித்தாலும் அது சித்தியின் ரப்பர் பூட்ஸில் போய் இடறும். எல்லோருக்கும் சித்தியான அந்தப் பெண், நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடந்தவள். ஒரு வாரப் பங்கு கையில் வந்ததும், முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்து, "பாரு, ராணுவத்துல சேந்துட்டேன்" என்று சமையலறைக்குள் நடைபோட்டுக் காட்டினாள். அதற்கு எதிராக எந்த வாயால் பேசுவது?

அதனால் அவள் வேறு வழியில் போராடினாள். "பில்லுல பத்து சதவீதம்தானே? நானும் பத்து சதவீதம்தான் சிரிப்பேன்" என்று அறிவித்துவிட்டாள். தட்டை வைப்பாள், உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் இழுத்துவிடுவாள், போய்விடுவாள்.

இன்று அந்தப் போராட்டம் முற்றிவிட்டது. சூப் ஜன்னல் திட்டில் இருந்தது. எடுக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யாருக்கு இது?" என்றான் அவன்.

"மூலை மேஜை. உப்புக்காரருக்கு."

அவன் முகம் மாறியது. இந்தக் கடையில் மேஜைமேல் உப்பு வைக்கிற வழக்கம் இல்லை. அது சமையல்காரன் போட்ட சட்டம். நான் போட்ட உப்பு போதாது என்று மேஜையிலேயே எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும், கூடாது என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டான். யாராவது கேட்டால் கொடுக்க ஒரே ஒரு உப்பு பாட்டில். அது அவளுடைய ஏப்ரன் பையில் இருக்கும். மற்றவர்கள் எப்போதாவது கேட்பார்கள். மூலை மேஜைக்காரர் மட்டும் வருகிற நாளெல்லாம், சூப் வைத்த கொஞ்ச நேரத்தில், "அம்மா, கொஞ்சம் உப்பு" என்று கூப்பிடுவார். சமையல்காரன் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஜென்மப் பகையாளியைப் போல அவரைத் தெரியும்.

"அவனுக்கா? நானே எடுத்துட்டுப் போறேன். அவன் நாக்கை ஒரு தடவை நேர்ல பாத்துடுறேன். நீ வந்து அடுப்பைப் பாரு."

"ஏங்க, விளையாடாதீங்க. அவரு வயசானவரு."

"நாக்குக்கு வயசு உண்டா?"

தள்ளு கதவைத் தோளால் இடித்துக்கொண்டு அவன் வெளியே போனான். அவள் உப்பு பாட்டிலைத் திட்டில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பைத் தணித்தாள். பிறகு, என்ன நடக்கிறது என்று பார்க்க, அவன் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

தலைகளே தெரியவில்லை.

ஜன்னலுக்கு மேலே தட்டு அடுக்கும் பலகை. அது பாதியை மறைத்தது. தெரிந்ததெல்லாம் மேஜைகளும், கைகளும், சட்டைப் பொத்தான்களும்தான். ஒரு கை ரொட்டியைப் பிய்த்தது. ஒரு கை கைபேசியைத் தடவியது. ஒரு வயிறு சிரித்துக் குலுங்கியது. சிரித்த முகம் எது என்று தெரியவில்லை. இவ்வளவு காலமாக அவன் பார்த்தது இதைத்தானா? தின்ன முகம் ஒன்றைக்கூடப் பார்க்காமல், திரும்பி வருகிற தட்டில் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் இந்த மனிதன் காலம் தள்ளினானா? அவள் எத்தனையோ தடவை இந்த ஜன்னலுக்கு வெளியே நின்று அவனுடைய முகத்தைப் பார்த்திருக்கிறாள். உள்ளே நின்று அவன் பார்ப்பதைப் பார்த்ததில்லை.

குனிந்து, கழுத்தைத் திருப்பி, மூலை மேஜையைக் கண்டுபிடித்தாள். புருஷன் சூப்பை வைத்துவிட்டு, நகராமல் நின்றான். கரண்டியைக் காட்டினான். முதல்ல ருசி பாருங்க என்கிறான், வேறென்ன சொல்லப் போகிறான். பெரியவர் ஒரு வாய் குடித்தார். ஏதோ சொன்னார். புருஷன் ஏதோ கேட்டான். பெரியவர் ரொம்ப நேரம் பேசினார்.

"சித்தி, சண்டையா போடுறாங்க?"

"எனக்கு முதுகுதான் இருக்கு அந்தப் பக்கம். நீயே பாத்துச் சொல்லு" என்றாள் சித்தி, தட்டைத் தேய்த்தபடி.

அப்போதுதான் நடக்காதது நடந்தது. புருஷன் விறுவிறுவென்று ஜன்னலுக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டித் திட்டில் இருந்த உப்பு பாட்டிலை எடுத்தான். உப்புக்கு எதிராகச் சட்டம் போட்ட மனுஷன், உப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மூலை மேஜைக்குப் போனான். போனவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டான்.

"போச்சு" என்றாள் அவள். "இவரு உக்காந்துட்டாரு. இனிமே இங்க யாரு கிண்டுறது?"

"நீதான்" என்றாள் சித்தி.

அவள் கிண்டினாள். இரண்டு மேஜைக்குச் சாதம் எடுத்து வைத்தாள். பில் போட்டாள். உள்ளுக்கும் வெளிக்கும் ஓடி மூச்சு வாங்கியது. ஓட்டத்தின் நடுவே, யாரோ குழந்தை சிந்திய தண்ணீரைத் துடைக்கும்போது, தன்னை அறியாமல் முழுசாகச் சிரித்துவிட்டதையும் கவனித்தாள். தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. பெரியவரும் பில் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். புருஷன் மேஜையைத் துடைக்கப் போனவன், சாஸரைத் தூக்கினான், திடுக்கிட்டான். அடுத்த கணம் கதவைத் திறந்துகொண்டு ஏப்ரனோடு தெருவில் ஓடினான்.

"ஐயா! ஐயா! காசை விட்டுட்டீங்க!"

அவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். எதிர்ப்பக்கம், மருந்துக்கடை வாசலில் அவன் பெரியவரைப் பிடித்துவிட்டான். பில்லிலேயே பத்து சதவீதம் போட்டாச்சு, இரண்டு தடவை வாங்கினால் பாவம் என்று வாதாடுகிறான், கைஜாடையே சொல்கிறது. பெரியவர் தலையை ஆட்டினார். அவன் நீட்டினான். அவர் தள்ளினார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் பெரியவர் அந்த நோட்டுகளை வாங்கினார். ஒன்றை மடித்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். இன்னொன்றை அவனுடைய சட்டைப் பையில் தன் கையாலேயே செருகி, பையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவன் தெருவிலேயே நின்றான். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தான்.

உள்ளே வந்தவன் உள்ளங்கையில் இருந்ததை அவள் கையில் வைத்தான். "உனக்காம். பேச்சுக்கு."

"பேச்சுக்கா?"

"அந்த ஆளுக்கு ரத்தக்கொதிப்பாம். உப்பே ஆகாதாம். உன்கிட்ட வாங்கி, போடுற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துடுவானாம். நான் வச்ச சூப்புல ஒரு நாளும், கேக்குறியா, ஒரு நாளும் ஒரு கல்லு உப்பு போட்டதில்லையாம்!" அவன் குரல் கிறீச்சிட்டது. "சூப்பை வச்சுட்டு நீ போயிடுவியாம். உப்பு கேட்டா இன்னொரு தடவை வருவியாம். நின்னு ரெண்டு வார்த்தை பேசுவியாம். வீட்டுல பேச ஆளில்லையாம். ஒரு மாசமா நீ பேசவே இல்லைன்னு வேற புகார் பண்ணினாரு."

"அய்யோ" என்றாள் அவள். "அவன்னு சொல்லிட்டிருந்தீங்க, இப்ப அவருங்கிறீங்க?"

"மரியாதைப்பட்டவரு. பில்லுல போட்டிருக்கேன்னேன். 'அது பில்லு கேட்டது, இது நான் கொடுக்கிறது'ன்னுட்டாரு."

"அது சரி. பையில செருகினாரே, அது?"

அவன் கை தானாகப் போய்ச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. "அது சூப்புக்கு."

"எல்லாம் பொதுவுல போடணும்னு சட்டம் பேசினது யாரு?"

"பொதுவுங்கிறது பில்லு காசு."

"அப்படிப் போடுங்க!"

வெளியே சின்ன முதலாளியின் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன அக்கா, என்ன அண்ணே, ஒரே வார்த்தையா முடிவு பண்ணியாச்சா? இருக்கட்டுமா, எடுத்துடலாமா?"

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

"எடுத்துடுங்க" என்றான் அவன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. சின்ன முதலாளி இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நீங்க அந்தப் பக்கம், அவங்க இந்தப் பக்கம்தானே இருந்தீங்க?"

தொட்டிக்குப் பக்கத்தில் சித்தி சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

"இவருக்கு ஒரு நோட்டு கிடைச்சதும் நாடே மறந்துபோச்சு தம்பி. சித்தி காலைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

"சித்தி காலை நான் பாத்துக்கிறேன். நீ முதல்ல அந்தப் பெரியவரை நினைச்சுப் பாரு, பில்லைப் பாத்ததும் அவரு முகம் எப்படிச் சுருங்குச்சு தெரியுமா? இன்னிக்குத்தான்டி நான் முகத்தைப் பாத்தேன்."

"நானும் இன்னிக்குத்தான் பாத்தேன், உங்க ஜன்னலை. தலையில்லாத ஆளுங்களுக்கா இத்தனை நாளாச் சமைச்சீங்க?"

அவன் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தான்.

"நாளைக்குச் சொல்லுங்க" என்று சின்ன முதலாளி கும்பிடு போட்டுவிட்டுப் பின்வாங்கினார். "அவசரமே இல்லை."

சாயங்காலத்துக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. அவன் தள்ளு கதவு மூடாமல் நிற்க, அதன் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ச் சட்டியைக் கிண்ட ஆரம்பித்தான். அடுப்பிலிருந்து பார்த்தால் அந்த வழியாக ஹால் தெரிந்தது, மூலை மேஜை வரைக்கும். முதல் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். யாரோ உப்பு கேட்டுக் கையைத் தூக்கினார்கள். அவள் வழக்கம்போல ஏப்ரன் பையில் கையை விட்டாள். பை காலி. திட்டில் தேடினாள், அங்கேயும் இல்லை. நிமிர்ந்து உள்ளே பார்த்தாள். அவன் சட்டைப் பையில் நோட்டு துருத்திக்கொண்டிருந்தது. கீழே, அவனுடைய ஏப்ரன் பையும் புடைத்திருந்தது. அவன் திரும்பவில்லை. சட்டியைப் பார்த்தபடி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கிண்டிக்கொண்டே இருந்தான்.

"ஏங்க, என் உப்பு பாட்டில் எங்க?"