மேவிஸ் வெட்டிய வரி

ஹாலிவுட்டில் அந்த ஆண்டுகளில், பிரிந்த புருஷனைப் பெண்டாட்டியோடு சேர்த்துவைக்க மேவிஸ் டாலனை விட்டால் ஆள் கிடையாது. திரையில்தான் சொல்கிறேன். அவள் எழுதும் ஜோடி விவாகரத்து வாங்கி, ஒன்றரை மணி நேரம் பூச்சாடிகளை வீசிக்கொண்டு, கடைசி ரீலில் மறுபடி மாதா கோயிலுக்குப் போகும். ஜனங்கள் கொட்டகையில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அவளோடு சேர்ந்து எழுதிய க்ளைட் அவளுடைய பழைய புருஷன். கல்யாணத்தை ரீனோ கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. இருவரையும் ஜோடியாக அமர்த்திய ஸ்டூடியோ ஒப்பந்தத்தை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை. ஆகவே தினமும் ஒரே அறை. ஆளுக்கொரு பாத்திரமாகி அவர்கள் வாய்ச்சண்டை போடுவார்கள், நான் டைப் அடிப்பேன். எட்னா என்று நான் ஒரு ஜீவன் அங்கே உட்கார்ந்திருப்பது இருவருக்கும் மறந்தேபோகும்.

அந்த வசந்தத்தில் க்ளைட்டுக்குப் பாஸ்டன் பெண் ஒருத்தியோடு நிச்சயமானது. கல்யாணத்துக்காக மறுநாள் அவன் பாஸ்டனுக்கு ரயில் ஏறுவதாக இருந்த அன்று வரை வேலை இழுத்தது. அதற்குள் கடைசிக் காட்சியை முடித்தாக வேண்டும். காட்சியிலும் நாயகன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளத்தான் கிளம்புகிறான்.

"சரி, தொப்பிய எடுத்துட்டேன். இப்ப நீ என்னைத் தடுக்கணும்," என்றான் க்ளைட், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

மேவிஸ் பட்டென்று பதில் சொல்கிறவள். அன்று சிகரெட்டை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"போகாத. உங்கிட்ட சண்டை போடலைன்னா எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது. அவளக் கட்டிக்காத, க்ளைட்."

என் விரல்கள் நின்றுவிட்டன. நாயகன் பெயர் க்ளைட் அல்ல.

"பிரமாதம்," என்றான் அந்த அசடு. "கடைசி வரிய மட்டும் தூக்கிடு. நம்ம ஹீரோயின் கெஞ்ச மாட்டா. என்ன எட்னா, தூங்கிட்டியா?"

நான் மேவிஸைப் பார்த்தேன்.

"அவன் சொல்றது சரிதான். வெட்டிடு," என்றாள்.

படம் முடிந்ததும் வழக்கம்போல ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில், முன்னறிவிப்பில்லாமல் போட்டுப் பார்த்தோம். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சிரிக்கவில்லை என்று ஜனங்களுக்கு நடுவே உட்கார்ந்து குறிப்பது எழுதியவர்கள் வேலை. க்ளைட் புது மனைவியோடு முன்வரிசையில் இருந்தான்.

அந்த இடம் வந்தது. நாயகி மெதுவாகச் சொன்னாள், "போகாத. உங்கிட்ட சண்டை போடலைன்னா எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது."

அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த கொட்டகை கப்சிப் ஆனது. க்ளைட்டின் தலை மெல்லத் திரும்பியது. இருட்டில் அவன் யாரைத் தேடுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

மேவிஸ் நிமிரவில்லை. பென்சிலால் எதையோ குறித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"இங்க யாருமே சிரிக்கல, எட்னா. மிச்சத்தையும் வெட்டிடலாம்."